அழாத குழந்தையும் அசையாத படமும்

பிரசவ அறைக்கு வெளியே காத்திருப்பவர்கள் எல்லோரும் ஒரே ஒரு சத்தத்துக்காகத்தான் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். ஆணா பெண்ணா, என்ன எடை, யார் ஜாடை என்பதெல்லாம் அப்புறம். "அழுதிச்சா?" என்பதுதான் முதல் கேள்வி. கடலூரிலும் சிதம்பரத்திலும் எந்த ஆயாவைக் கேட்டாலும் சொல்வார்: "பொறந்த உடனே வீல்னு கத்தணும்மா. அப்பத்தான் நெஞ்சு விரியும்."

ஆயா சொல்வதில் தவறே இல்லை. அந்த முதல் அழுகையில்தான் நுரையீரலுக்குள் காற்று போகிறது. பத்துக் குழந்தைகளில் ஒன்றுக்கு மூச்சைத் தொடங்க சின்ன உதவி வேண்டியிருக்கும். நன்றாகத் துடைத்து, முதுகைத் தேய்த்துவிட்டால் பெரும்பாலான குழந்தைகள் அழுதுவிடும். சிலவற்றுக்குப் பையும் முகமூடியும் வைத்து மூச்சுக் கொடுப்பார்கள். ஆகவே, "என் பிள்ளை ரெண்டு நிமிஷம் கழிச்சுத்தான் அழுதான், மூளைக்கு ஏதாவது ஆகியிருக்குமோ?" என்று வருஷக்கணக்கில் மனசுக்குள் புழுங்கிக்கொண்டிருக்கும் சகோதரிகள் கொஞ்சம் ஆறுதல் கொள்ளலாம். பிந்தி அழுத குழந்தைகளில் மிகப் பெரும்பாலோர் நன்றாகவே வளர்கிறார்கள்.

இந்தக் கட்டுரை மற்றக் குழந்தைகளைப் பற்றியது. நஞ்சு முன்கூட்டியே பிரிந்துவிடுகிறது; கொடி அழுந்திவிடுகிறது; தலை இறங்காமல் மணிக்கணக்கில் பிரசவம் இழுக்கிறது. மூளைக்கு ரத்தமும் பிராணவாயுவும் போதாமல் போய், குழந்தை துவண்டு பிறக்கிறது. சில மணி நேரத்தில் வலிப்பும் வரலாம். அப்போது தாய் கேட்பதும் ஒரே கேள்விதான். "டாக்டர், என் பிள்ளை நல்லா இருக்குமா?"

இந்தக் கேள்விக்கு வெகு காலமாக மருத்துவர்களிடம் நேரான பதில் கிடையாது. தலை நிற்கிறதா, உட்காருகிறதா, நடக்கிறதா என்று ஒன்றரை வருஷம் பார்த்துத்தான் சொல்ல முடியும். உச்சிக்குழி வழியாக எடுக்கும் அல்ட்ராசவுண்டில் ரத்தக் கசிவு தெரியும். நரம்புப் பாதைகளில் ஏற்பட்ட நுண்ணிய சேதம் அவ்வளவாகத் தெரியாது. அதைப் பார்க்க உதவுவது எம்.ஆர்.ஐ. ஸ்கேனில் ஒரு தனி வகை. டிஃப்யூஷன் எம்.ஆர்.ஐ. என்று பெயர். டிஃப்யூஷன் என்றால் பரவுதல். எது பரவுகிறது? தண்ணீர்தான்.

ஒரு சொட்டு நீலம்

துணிக்கு நீலம் போடும்போது கவனித்திருப்பீர்கள். வாளித் தண்ணீரில் ஒரு சொட்டு விட்டுக் கலக்காமல் வைத்தால்கூட அது தானாகவே மெல்ல நாலா பக்கமும் விரியும். தண்ணீரின் அணுத்துகள்கள் ஓயாமல் ஒன்றையொன்று முட்டிக்கொண்டே இருப்பதுதான் காரணம். 1827-ல் ராபர்ட் பிரவுன் என்ற தாவர இயல் அறிஞர், தண்ணீரில் மிதந்த மகரந்தத் துகள்களின் இந்த ஓயாத துள்ளலை உருப்பெருக்கியில் பார்த்தார். 1905-ல் ஐன்ஸ்டீன் அதற்குக் கணக்குப் போட்டுக் காட்டினார்.

நம் மூளையிலும் பெரும்பகுதி தண்ணீர்தான். அங்கேயும் இதே முட்டல் மோதல். ஒரு நொடியை இருபது பங்காக்கினால் அதில் ஒரு பங்கு நேரத்துக்குள் ஒரு துகள் நகரும் தூரம், ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பாகம். தலைமுடியின் தடிமனைவிடக் குறைவு! இவ்வளவு சின்ன நடமாட்டத்தைக் காந்தத்தால் கண்டுபிடிக்கிறார்கள் என்பதை நினைத்தால் எனக்கு இன்னமும் ஆச்சரியம்தான்.

சரி, தண்ணீர் எப்படி நகர்கிறது என்று தெரிந்து என்ன பயன்? நம் ஊரை வைத்தே சொல்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கடலூர் தேவனாம்பட்டினம் வெள்ளிக் கடற்கரைக்குப் போங்கள். ஜனங்கள் இஷ்டத்துக்கு நாலா திசையிலும் நடப்பார்கள். ஆருத்ரா தரிசனத்துக்கு முதல் நாள் சிதம்பரம் கீழ வீதிக்குப் போங்கள். தேரோடு சேர்ந்து கூட்டம் வீதியின் நீளத்துக்கே நகரும். குறுக்கே போக முடியாது, இருபுறமும் வீடுகள். இப்போது ஆகாயத்திலிருந்து ஒருவர் பார்க்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர் கண்ணுக்கு வீடும் தெரியாது, வீதியும் தெரியாது. யார் எங்கிருந்து எங்கே நகர்ந்தார் என்பது மட்டுமே தெரியும். அதை வைத்தே அவர் சொல்லிவிடலாம்: "இது திறந்த வெளி, அது வீதி. வீதி வடக்கு தெற்காகப் போகிறது."

டிஃப்யூஷன் ஸ்கேன் செய்வது இதைத்தான். மூளையின் வெள்ளைப் பகுதியில் நரம்பு நார்கள் வாழைத்தண்டு நாரைப் போல் கட்டுக்கட்டாக ஓடுகின்றன. தண்ணீர் நாரின் நீளவாட்டில் சுலபமாக நகரும்; குறுக்கே நகர்வது சிரமம். எந்தப் பக்கம் அதிகம் நகர்கிறது என்று பல திசைகளில் அளந்து, மூளைக்குள் ஓடும் வீதிகளின் வரைபடத்தையே கம்ப்யூட்டர் போட்டுவிடுகிறது. ஒரே திசையில் எவ்வளவு ஒழுங்காக நகர்கிறது என்பதற்கு ஓர் எண்ணும் உண்டு. எஃப்.ஏ. என்பார்கள். கடற்கரையைப் போல் எல்லாப் பக்கமும் சமமாகப் பரவினால் பூஜ்யம். தேர் வீதியைப் போல் ஒரே வாட்டில் போனால் 1-க்கு அருகில். வீதியோரச் சுவர்கள் இடிந்துபோனால் கூட்டம் பக்கவாட்டில் சிதறும், எண் இறங்கும். நரம்பு நார் சேதப்பட்டால் நடப்பதும் அதேதான்.

இன்னொரு விதமும் உண்டு. ரத்த ஓட்டம் தடைப்பட்ட செல்கள் வீங்கிவிடும். இடுக்குகள் அடைபட்டு, தீபாவளிக்கு முதல் நாள் பஸ்ஸில் மாட்டிக்கொண்டவர்களைப் போல் தண்ணீர் நகர முடியாமல் திணறும். படத்தில் அந்த இடம் பளிச்சென்று வெள்ளையாகத் தெரியும். 1990-ல் மைக்கேல் மோஸ்லி என்பவரும் சக ஆராய்ச்சியாளர்களும் பூனைகளில் இதைக் காட்டினார்கள். பக்கவாதம் வந்த சிறிது நேரத்துக்குள், மற்றப் படங்களில் ஒன்றும் தெரியாத கட்டத்திலேயே, இந்தப் படத்தில் சேதம் தெரிந்துவிட்டது. பெரியவர்களுக்குத் திடீரென்று வாய் கோணி, கை கால் விழுந்தால் இன்று பல ஆஸ்பத்திரிகளில் முதலில் பார்க்கும் படங்களில் இது ஒன்று.

இந்த முறையை யோசித்தவர் டெனி லெ பியான் என்ற பிரெஞ்சு மருத்துவர். அவருடைய முதல் கட்டுரை 1985-ல் வந்தது. நம் சிதம்பரம் அண்ணாமலை நகரில் ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரி தொடங்கியதும் அதே 1985-ல்தான் என்பது ஒரு வேடிக்கையான பொருத்தம். (அந்தக் கல்லூரி இப்போது அரசு கடலூர் மருத்துவக் கல்லூரி ஆகிவிட்டது. ஊரில் இன்னும் பலர் 'ராஜா முத்தையா' என்றுதான் சொல்கிறார்கள்.) 1994-ல் பீட்டர் பேஸர் என்பவர் லெ பியானோடு சேர்ந்து, திசைகளை அளக்கும் கணக்கை ஒழுங்குபடுத்தினார். நரம்பு வீதிகளின் வரைபடம் அதன் பிறகு வந்ததுதான்.

வேலூரில் 50 குழந்தைகள்

இனி நம் துவண்டு பிறந்த குழந்தைக்கு வருவோம். மூச்சு முட்டிப் பிறந்த குழந்தையின் மூளையில் சேதம் இரண்டு தவணையாக நடக்கிறது. பிறக்கும் சமயத்தில் முதல் அடி. பிறகு சில மணி நேரம் மூளை தேறுவது போலத் தோன்றும். அதன் பின் இரண்டாவது அடி. அது பல நாள் நீளலாம். இடையில் கிடைக்கும் அந்தச் சுமார் 6 மணி நேரத்துக்குள் குழந்தையின் உடம்பைக் குளிர வைத்தால் இரண்டாவது அடியைக் குறைக்கலாம் என்று மேல்நாடுகளில் கண்டார்கள். 2005-லும் 2009-லும் வந்த பெரிய ஆய்வுகளுக்குப் பிறகு பணக்கார நாடுகளில் அது வழக்கமான சிகிச்சையே ஆகிவிட்டது. உடம்பு வெப்பத்தை 33.5 டிகிரி செல்சியஸுக்கு இறக்கி, 72 மணி நேரம் அப்படியே வைத்து, பிறகு மெல்ல மெல்லச் சூடேற்றுவார்கள்.

நம் நாட்டில் இது எடுபடுமா? அந்தக் கருவிகள் விலை அதிகம். வேலூர் சி.எம்.சி. ஆஸ்பத்திரியில் நார்வே ஆராய்ச்சியாளர்களோடு சேர்ந்து ஓர் ஆய்வு நடத்தினார்கள். 'தின்' ஆய்வு என்று சுருக்கப் பெயர். அதில் குளிர வைக்கப் பயன்பட்டது, உருகி உறையும் ஒரு பொருள் அடைத்த மெத்தை. மார்கழியில் தேங்காய் எண்ணெய் உறைந்து கிடக்குமே, கையில் எடுத்தால் உருகும்போது நம் கைச் சூட்டை வாங்கிக்கொள்ளும் அல்லவா? அதே தத்துவம். குழந்தையின் சூட்டை வாங்கிக்கொண்டு அந்தப் பொருள் உருகும். உருகி முடியும் வரை அதன் வெப்பநிலை அநேகமாக ஏறாது. மின்சாரம் போனாலும் கவலை இல்லை.

பிறந்து 5 மணி நேரத்துக்குள் வந்து சேர்ந்த 50 குழந்தைகள். சீட்டுக் குலுக்கிப் போடுவது போல் பிரித்து, 25 பேருக்குக் குளிர்ச்சி, 25 பேருக்கு வழக்கமான சிகிச்சை. எது நல்லது என்று எப்படி முடிவு கட்டுவது? இங்கேதான் நம் தண்ணீர்ப் படம் வந்தது. மூளையிலிருந்து கை கால்களுக்கு உத்தரவு போகும் பிரதான நரம்புப் பாதை ஒன்று, மூளையின் உள்ளே ஒரு குறுகலான இடத்தின் வழியாக இறங்குகிறது. நான்கு வீதிகளிலிருந்தும் வரும் கூட்டம் ஒரே கோபுர வாசலில் நுழைவது மாதிரி. அந்த இடத்தின் எஃப்.ஏ. எண்ணைத்தான் ஆய்வின் முக்கிய அளவுகோலாக வைத்தார்கள். குளிர்ச்சி பெற்ற குழந்தைகளுக்கு அந்த எண் கூடுதலாக இருந்தது. வித்தியாசம் 0.026தான். பார்க்கக் கடுகளவு, கணக்குப்படி தற்செயல் என்று தள்ள முடியாத அளவு. சாதாரண எம்.ஆர்.ஐ. படங்களிலும், நடுத்தரம் முதல் கடுமையான கோளாறு தெரிந்தது குளிர்ச்சி பெற்றவர்களில் 2 பேருக்கு. மற்றவர்களில் 10 பேருக்கு. 2020-ல் இது அச்சில் வந்தது.

ஒரு குறையையும் சொல்லியாக வேண்டும். அந்த முக்கிய அளவு கிடைத்தது 50-ல் 22 குழந்தைகளுக்குத்தான். கைக்குழந்தையை இந்த ஸ்கேன் எடுப்பது லேசான காரியம் இல்லை. நூறில் ஒரு மில்லிமீட்டர் நகர்வை அளக்கும்போது, குழந்தை ஒரு தடவை தலையைத் திருப்பினாலே படம் கெட்டுவிடும். பிள்ளையை ஒரு போட்டோவுக்கு உட்கார வைக்க நாம் படும் பாடு நமக்குத் தெரியாதா!

மூன்று நாடுகள், 408 குழந்தைகள்

வேலூர்ச் செய்தியோடு கட்டுரையை முடித்துவிட்டால் எல்லோருக்கும் சந்தோஷமாக இருக்கும். ஆனால் கதை வேறு மாதிரிப் போயிற்று.

லண்டன் இம்பீரியல் கல்லூரியின் சுதின் தையில் என்ற மருத்துவர் தலைமையில் 'ஹீலிக்ஸ்' என்ற பெரிய ஆய்வு இந்தியா, இலங்கை, வங்காளதேசம் மூன்றிலும் நடந்தது. 7 ஆஸ்பத்திரிகள். சென்னை மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த எழும்பூர் ஆஸ்பத்திரிகளும் அதில் உண்டு. 2015 ஆகஸ்டிலிருந்து 2019 பிப்ரவரி வரை 408 குழந்தைகளைச் சேர்த்தார்கள். குளிர்ச்சி 202 பேருக்கு. வழக்கமான சிகிச்சை 206 பேருக்கு. வெறும் படத்தோடு நிற்காமல், ஒன்றரை வயது வரை குழந்தைகளைப் பின்தொடர்ந்து பார்த்தார்கள். நம் ஜனங்கள் வீடு மாறிப் போகும் வேகத்தில் 100-க்கு 97 பேரைக் கடைசி வரை விடாமல் பார்த்தது சாதாரண விஷயமா?

முடிவு 2021-ல் வந்தது. இறந்த குழந்தைகளும் நடுத்தரம் முதல் கடுமையான ஊனம் அடைந்த குழந்தைகளும் சேர்த்துக் குளிர்ச்சி பெற்றவர்களில் 100-க்கு 50, மற்றவர்களில் 47. அதாவது பலன் இல்லை. இறப்பை மட்டும் தனியாகப் பார்த்தால் இன்னும் வேதனை. குளிர்ச்சி பெற்றவர்களில் 84 பேர், மற்றவர்களில் 63 பேர். நம் போன்ற நாடுகளில், பெரிய தீவிர சிகிச்சை வசதி இருக்கும் இடத்தில்கூட, இதைச் செய்ய வேண்டாம் என்று அந்த ஆராய்ச்சியாளர்கள் எழுதினார்கள். மற்ற மருத்துவர்கள் சிலர் அதை ஒப்புக்கொள்ளவில்லை. வாதம் நடந்துகொண்டுதான் இருக்கிறது.

அங்கே பலித்தது இங்கே ஏன் பலிக்கவில்லை? ஆராய்ச்சியாளர்கள் சொல்லும் ஒரு விளக்கம் நம்மைப் போன்ற தாய்மார்கள் கவனிக்க வேண்டியது. மேல்நாட்டில் பல குழந்தைகளுக்கு அடி விழுவது பிரசவ நேரத்தில், திடீரென்று. இங்கே பல குழந்தைகளுக்கு அது வயிற்றுக்குள்ளேயே பல மணி நேரமாக விட்டுவிட்டு நடந்திருக்கலாம். குழந்தை வெளியே வந்து நாம் கடிகாரத்தைப் பார்க்கத் தொடங்கும்போது அந்த 6 மணி நேரம் ஏற்கெனவே கடந்துபோயிருக்கும். மூளைப் படங்கள் இந்தச் சந்தேகத்துக்கு வலுச் சேர்க்கின்றன. எந்தப் பாகம் எப்படிச் சேதப்பட்டிருக்கிறது என்பதை வைத்து, அடி சட்டென்று விழுந்ததா, நெடுநேரம் நீடித்ததா என்று ஓரளவு ஊகிக்கலாம்.

என்னைக் கேட்டால், வேலூர் ஆய்வு வீண் என்று சொல்ல மாட்டேன். அது ஒரே ஆஸ்பத்திரி, சில குழந்தைகள், படம் மட்டுமே அளவுகோல். படம் சீக்கிரம் பதில் சொல்லும். ஒன்றரை வருஷம் காத்திருக்க வேண்டாம். சிறு ஆய்வில் அதற்குத்தான் படத்தை வைக்கிறார்கள். ஆனால் படத்தில் எண் கூடியிருப்பதும், பிள்ளை எழுந்து நடப்பதும் ஒன்றல்ல என்பதைப் பெரிய ஆய்வு காட்டிவிட்டது. பத்திரிகையில் "புதுக் கண்டுபிடிப்பு" என்று படிக்கும்போது, "படத்தில் பார்த்தாங்களா, பிள்ளைங்களையே பார்த்தாங்களா?" என்று கேட்டுக்கொள்வது நல்லது.

வயிற்றில் அசைவு

ஆக, கர்ப்பிணிச் சகோதரிகளுக்கு மிகப் பயனுள்ள காரியம் ஸ்கேனுக்கும் மெத்தைக்கும் முன்னாலேயே இருக்கிறது. ஏழாம் மாதத்துக்குப் பிறகு குழந்தையின் அசைவு வழக்கத்தைவிடக் குறைந்தால், "நாளைக்குச் செக்கப்தானே, அப்ப சொல்லிக்கலாம்" என்று இருக்காதீர்கள். அன்றைக்கே போய்க் காட்டுங்கள். பனிக்குடம் உடைந்து பச்சையாக நீர் வந்தாலும், ரத்தம் பட்டாலும் அப்படியே. 108-ஐக் கூப்பிட நேரம் காலம் பார்க்க வேண்டாம். ராகு காலம் முடியட்டும் என்று வாசலில் நிற்க வைக்கும் மாமியார்கள் இன்னும் இருக்கிறார்கள். "அத்தை, நீங்களும் கூட வாங்க, போய்க்கிட்டே சாமியை வேண்டிக்கலாம்" என்று சொல்லி வண்டியில் ஏறிவிடுங்கள்.

இன்னொரு எச்சரிக்கை. குளிர வைப்பது என்று நான் எழுதியதைப் படித்துவிட்டு யாரும் வீட்டில் எதையும் முயலக் கூடாது. அழாத குழந்தையின் மேல் பச்சைத் தண்ணீர் தெளிப்பது, தலைகீழாகப் பிடித்துத் தட்டுவது எல்லாம் பழைய வழக்கங்கள், ஆபத்தானவை. பச்சிளம் குழந்தை குளிர்ந்துபோவதே உயிருக்கு ஆபத்து. சாதாரணமாகப் பிறந்த எந்தக் குழந்தைக்கும் துடைத்து, தாயின் மார்போடு அணைத்து, கதகதப்பாக வைப்பதுதான் சரி.

ஸ்கேனுக்குப் போகும்போது

துவண்டு பிறந்த குழந்தைக்கு எம்.ஆர்.ஐ. எழுதிக் கொடுத்தால் பயப்பட வேண்டியதில்லை. இதில் எக்ஸ்ரே கதிர் கிடையாது; காந்தம்தான். டிஃப்யூஷன் படத்துக்கு ஊசி மருந்தும் வேண்டாம். வயிறு நிறையப் பால் கொடுத்து, துணியில் இதமாகச் சுற்றி, காதுக்குப் பஞ்சும் மூடியும் வைத்துத் தூங்க வைத்தே எடுக்கப் பார்ப்பார்கள். மிஷின் போடும் சத்தம் அப்படி! சில குழந்தைகளுக்குத் தூக்க மருந்து தேவைப்படும். எந்த நாளில் எடுப்பது என்பதும் முக்கியம். சேதம் இருந்தாலும், சுமார் ஒரு வாரத்தில் அந்தப் பளிச்சிடல் மங்கி, டிஃப்யூஷன் படம் சரியானது போல் ஏமாற்றிவிடும். டாக்டர் சொன்ன தேதியை "நல்ல நாள் பார்த்து" தள்ளிப்போடாதீர்கள்.

அந்தக் காந்தம் பூமியின் காந்தத்தைப் போல் 30,000 மடங்குக்கும் மேல் பலமானது. குழந்தையின் அரைஞாண் கயிற்றில் கோத்த தாயத்து, காப்பு, கொலுசு, துணியில் குத்திய ஊக்கு எல்லாவற்றையும் கழற்றிவிட வேண்டும். ஊக்கு ஒன்று பறந்து வந்தாலே போதும், விபரீதம். பாட்டிமார்கள் திருஷ்டிக்காகத் துணி மடிப்புக்குள் எதையாவது செருகி வைப்பார்கள். சுற்றும் முன் ஒரு தடவை உதறிப் பாருங்கள். உள்ளே போகும் தாயும் மெட்டி, ஹேர்ப்பின் முதல் எல்லாவற்றையும் எடுத்துவிட வேண்டும். தாலியைக் கழற்றச் சொல்கிறார்களே என்று சிலர் கண்ணீர் விடுவதுண்டு. மஞ்சள் கயிற்றில் ஒரு மஞ்சள் கிழங்கைக் கட்டிக்கொண்டு போனால் மிஷினும் ஒன்றும் சொல்லாது, மனசும் ஒன்றும் சொல்லாது.

கையெழுத்துப் போடுவதற்கு முன்

பெரிய ஆஸ்பத்திரிகளில், "உங்க குழந்தையை ஓர் ஆராய்ச்சியில சேர்த்துக்கலாமா?" என்று கேட்பார்கள். 408 குழந்தைகளின் பெற்றோரிடமும் இப்படித்தான் கேட்டிருப்பார்கள். அதுவும் எந்த நேரத்தில்! தாய் ஓர் ஊரில் தையல் போட்டுப் படுத்திருப்பாள். குழந்தை ஆம்புலன்ஸில் வேறு ஊருக்குப் போயிருக்கும். கூடப் போன அப்பா, லுங்கியோடு ஓடி வந்தவர், கையில் நாலு பக்கக் காகிதம்.

"சோதனை எலியாக்கப் பார்க்கறாங்க" என்று உறவுக்காரர் ஒருவர் கட்டாயம் சொல்வார். "பெரிய டாக்டர் சொல்றாரு, படிக்காம போட்டுடு" என்று இன்னொருவர் சொல்வார். இரண்டு பேர் பேச்சையும் ஒதுக்கி வையுங்கள். விவரத்தாள் உங்களுக்குப் புரியும் மொழியில் இருக்க வேண்டும்; தமிழில் கேட்டு வாங்குங்கள். படிக்க முடியாதவர்களுக்குச் சாட்சி ஒருவர் முன்னிலையில் படித்துக் காட்ட வேண்டும். கேட்க வேண்டியவை சில. சேராவிட்டால் என் குழந்தைக்கு என்ன சிகிச்சை கிடைக்கும்? சேர்ந்தால் கூடுதலாக என்ன செய்வீர்கள், இந்த ஸ்கேன் சிகிச்சைக்கா, ஆய்வுக்கா? அதற்குப் பணம் யார் கட்டுவது? ஏதாவது ஆனால் யார் பொறுப்பு? எத்தனை வயது வரை வந்து காட்ட வேண்டும், பஸ் செலவு கொடுப்பீர்களா? படத்தின் முடிவை எங்களுக்கும் சொல்வீர்களா?

வேண்டாம் என்று சொல்ல உங்களுக்கு முழு உரிமை உண்டு. சேர்ந்த பிறகு நடுவில் விலகவும் உரிமை உண்டு. அதற்காக வழக்கமான சிகிச்சையைக் குறைக்கக் கூடாது. இந்தியாவில் நடக்கும் இத்தகைய ஆய்வுகளுக்கு 2007 முதல் அரசாங்கப் பதிவேடு ஒன்று இருக்கிறது. பதிவு எண்ணைக் கேட்டால் சொல்வார்கள். கையெழுத்திட்ட தாளில் ஒரு பிரதியும், சந்தேகம் வந்தால் பேச வேண்டிய டாக்டரின் போன் நம்பரும் வாங்கி, தடுப்பூசி அட்டை வைக்கும் அதே பையில் பத்திரப்படுத்துங்கள். ஒன்றரை வருஷம் கழித்து அவர்கள் கூப்பிடும்போது அந்தத் தாள் தேவைப்படும்.